எட்டு மணிக்குச் சொன்னார்கள்

நாட்டுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள், பொறுத்துக்கொண்டோம். இன்னொரு முறை என்றார்கள், அதையும் பொறுத்துக்கொண்டோம். இப்போது நான் கேட்பது ஒன்றே ஒன்று: அப்படிப் பொறுத்துக்கொண்டவர்களின் பெயர்ப்பட்டியல் எந்த அலுவலகத்தில், எந்த அலமாரியில் இருக்கிறது? வரி போடும்போது எங்கள் பெயர் இருக்கிறது. அபராதம் விதிக்கும்போது இருக்கிறது. நிவாரணம் என்று அறிவிக்கிற அன்றைக்கு மட்டும் அது எங்கே ஐயா ஓடி ஒளிந்துகொள்கிறது?

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் பூக்கடை வைத்திருப்பவன் நான். தேவராஜ மார்க்கெட்டுக்குள் இல்லை, மார்க்கெட்டுக்கும் தேவராஜ அரசு ரோட்டுக்கும் நடுவே ஓடும் சந்தில், ஒரு தனியார் கட்டடத்தின் முகப்பில். மல்லிகை, கனகாம்பரம், செவ்வந்தி. அதோடு குங்குமம், மஞ்சள், ஊதுபத்தி. என் அப்பா சத்தியமங்கலத்துக்காரர். பண்ணாரி தாண்டி, திம்பம் மலைப்பாதை ஏறி, சாமராஜநகர் வழியாக மல்லிகை மைசூருக்கு வருகிற அதே பாதையில் பூக்கூடையோடு வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். எங்களுக்கு வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், பக்கத்து அத்தர்க் கடைக்காரரோடு அரைகுறை உருது. ஊரில் முழம் போட்ட கை, இங்கே மாரு போடுகிறது.

தசராவில் யானை ஊர்வலமான ஜம்பூ சவாரி போகிற சயாஜி ராவ் ரோடு எங்கள் சந்திலிருந்து கூப்பிடு தூரம். சுற்றுலா வருகிறவர்கள் கூம்பு கூம்பாகக் குவித்த குங்குமத்தைப் படம் எடுத்துக்கொள்வார்கள். கலர் பிரமாதம் என்பார்கள். அந்தக் கலருக்குப் பின்னால் நிற்கிற ஆளை யாரும் படம் எடுப்பதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. கணக்கெடுக்கக்கூட யாரும் வரவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

பூ வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தில்லியில் திட்டம் போடுகிறவர்களுக்குத் தெரிந்திருக்காது. விடிவதற்கு முன் மூட்டை இறங்கும். அந்த நேரத்துக்கு என்ன விலையோ அதுதான் விலை. முகூர்த்த நாளில் எகிறும், மறுநாளே பாதிக்கும் கீழே விழும். உதிரிப்பூவை வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சரமாகக் கட்டித் தருகிற பெண்கள் இருக்கிறார்கள். கொண்டுவந்து போட்டதும் கூலியைக் கையில் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அன்றைய எண்ணெயும் அரிசியும் அந்தக் காசில்தான். ராத்திரிக்குள் விற்காத பூ குப்பை. தோட்டக்காரரிலிருந்து தலையில் வைத்துக்கொள்கிறவர் வரை எந்த இடத்திலும் காசோலை கிடையாது, ரசீது கிடையாது. இதையெல்லாம் சேர்த்துக் கருப்புப் பணம் என்று ஒரே பெயரில் சொல்லிவிட்டால் எப்படி? இது சில்லறை ஐயா. வெறும் சில்லறை.

2016 நவம்பர் 8, இரவு எட்டு மணி. பிரதமர் மோடி தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவிலிருந்து 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார். நாட்டில் புழங்கிய பணத்தின் மதிப்பில் ஏறக்குறைய 86 சதவீதம் நாலு மணி நேரத்தில் வெற்றுத் தாளானது. தீபாவளி முடிந்த கையோடு, கார்த்திகைக் கல்யாணங்களுக்கு முன்பணம் வாங்கி வைத்திருந்த நேரம். கல்லாவைத் திறந்தால் எல்லாம் ஐந்நூறு. மறுநாள் வங்கிகள் மூடல். ஏடிஎம் இரண்டு நாள் மூடல். திறந்த பிறகும் புது நோட்டு பழைய நோட்டின் அளவில் இல்லை. ஒவ்வொரு இயந்திரத்தையும் ஆள் வந்து மாற்றியமைக்க வேண்டும் என்றார்கள். இதை முன்பே யோசிக்கக்கூட ஒரு ஆள் இல்லையா அந்த ரகசியக் கூட்டத்தில்? ஏடிஎம்மில் நாளுக்கு 2,000, பிறகு 2,500. வங்கியில் வாரத்துக்கு 20,000, பிறகு 24,000. கரண்ட் அக்கவுண்ட் வைத்திருந்தால் வாரம் 50,000 எடுக்கலாம். என்னிடம் இருந்தது சேமிப்புக் கணக்கு. ஒரே காலை நேரத்தில் பத்துப் பேருக்குப் பட்டுவாடா செய்கிற கடைக்காரன் நான். சட்டத்தின் கண்ணுக்கு மாதச் சம்பளம் வாங்கும் குமாஸ்தா.

மைசூர்க்காரனுக்கு இதில் தனியாக ஒரு வலி உண்டு. அந்தப் புது 2,000 ரூபாய் நோட்டு எங்கள் ஊரில் அச்சானது. மேட்டகள்ளிப் பக்கம் ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனம் நடத்தும் நோட்டு அச்சகம் 1996 முதல் ஓடுகிறது. அங்கே ராப்பகலாக அச்சடித்தார்கள். இங்கே நாங்கள் ராப்பகலாக வரிசையில் நின்றோம். வந்தவரே திரும்பத் திரும்ப வருகிறார் என்று சொல்லி, நோட்டு மாற்றுகிறவர்கள் விரலில் அழியாத மை வைக்க உத்தரவு வந்தது. அந்த மையும் எங்கள் ஊர்தான். தேர்தல் மை செய்கிற மைசூர் பெயின்ட்ஸ் தொழிற்சாலை, ஜம்பூ சவாரி போய்ச் சேர்கிற பன்னி மண்டபத்துப் பக்கம் இருக்கிறது. ஓட்டுப் போட்டதற்கு அடையாளமாக வைக்கிற மையை, சொந்தப் பணத்தைக் கேட்டதற்கு அடையாளமாக வைத்தார்கள். தமிழ்நாட்டில் தஞ்சாவூர், அரவக்குறிச்சி, திருப்பரங்குன்றம் தொகுதிகளில் அந்த நவம்பர் 19ஆம் தேதிதான் வாக்குப்பதிவு. வங்கி மை வாக்காளர் மையோடு குழம்பும் என்று தேர்தல் ஆணையம் ஆட்சேபம் சொன்னது. ஓட்டு குழம்பிவிடக் கூடாது என்று கவலைப்பட ஓர் ஆணையம் இருந்தது. எங்கள் பிழைப்பு குழம்புகிறதே என்று ஆட்சேபிக்க எந்த ஆணையமும் இல்லை.

எனக்குப் பூ அனுப்புகிற பெரியவர் ஒருவர் தாளவாடிப் பக்கம். அவருக்கு நான் வாராவாரம் தர வேண்டியது பழைய நோட்டாகத்தான் இருந்தது. கூட்டுறவு வங்கியில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார். நவம்பர் 14ஆம் தேதி, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டை வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தடுத்துவிட்டது. விவசாயிகள் கணக்கு வைத்திருப்பதே அங்கேதான் என்பது தெரியாமல் போட்ட தடை என்று நான் நம்பத் தயாராயில்லை. போனில் கேட்டார் அவர்: "தம்பி, நானே பறிச்ச பூவு, நானே சம்பாரிச்ச காசு. நான் யாருகிட்டத் திருடினேன்னு என்னைய இப்படி நிக்க வெச்சிருக்கானுங்க?" பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பூக்கட்டுகிற பெண்களுக்குக் கூலி கொடுக்கச் சில்லறை இல்லை. ஒருத்தியிடம், "இன்னிக்கு மட்டும் கூலிக்குப் பதிலா பூவை எடுத்துக்கோம்மா, வித்துக்கோ" என்றேன். சிரித்துவிட்டாள். "வாங்குறவங்க கையில மட்டும் காசு இருக்காண்ணா?" என்றாள். அந்த ஒரு கேள்வியில் இருந்த பொருளாதாரம், அன்றைக்கு ஆங்கிலத் தொலைக்காட்சிகளில் கோட்டுப் போட்டுப் பேசியவர்கள் எவரிடமும் இல்லை.

எவ்வளவு கருப்புப் பணம் பிடிபட்டது? 2018 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே சொன்னது: செல்லாதாக்கிய 15.41 லட்சம் கோடியில் 15.31 லட்சம் கோடி திரும்ப வந்துவிட்டது. 99.3 சதவீதம். அரிப்பதற்கென்று நாட்டையே சல்லடையில் போட்டுக் குலுக்கினார்கள். கீழே விழுந்தது நாங்கள். 2023 ஜனவரி 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்த முடிவு செல்லும் என்றது. சட்டம் இயற்றிச் செய்திருக்க வேண்டும், அறிவிக்கையால் செய்தது தவறு என்று எழுதிய அந்த ஒற்றை நீதிபதி பி.வி. நாகரத்னா, எங்கள் கர்நாடகத்துக்காரர். அதே வருஷம் மே 19ஆம் தேதி 2,000 ரூபாய் நோட்டையும் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. எதற்காக அவ்வளவு கூட்டத்தில் நின்றோமோ, அந்தத் தாளே போய்விட்டது. நஷ்டம் மட்டும் செல்லுபடியாகிக்கொண்டே இருக்கிறது.

ஜிஎஸ்டியைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. 2017 ஜூலை 1, நடுராத்திரி நாடாளுமன்றத்தில் விழா எடுத்துக் கொண்டுவந்தார்கள். உதிரிப்பூவுக்கு வரி இல்லை, குங்குமத்துக்கு இல்லை, ஊதுபத்திக்கு 5 சதவீதம். வரி எனக்குப் பெரிய பாரமாக இல்லை. ஆனால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டிக் கொண்டுவந்து கொடுத்த சின்னச் சின்னத் தொழில்காரர்களிடம் வாங்குவதைப் பெரிய கடைகள் குறைத்துக்கொண்டன. ஜிஎஸ்டி எண் இல்லாதவனிடம் வாங்கினால் தலைவலி என்று. மைசூர் ஊதுபத்திக்குப் புவிசார் குறியீடு உண்டு. உருட்டுகிற கைக்கு எந்தக் குறியீடும் இல்லை.

2017-18இல் வேலையின்மை 6.1 சதவீதம் என்று அரசின் கணக்கெடுப்பே சொன்னது. 45 வருஷத்தில் இல்லாத உச்சம் என்றார்கள். வாங்குகிறவர்கள் கையில் காசில்லை, சந்தை படுத்துவிட்டது என்று எங்கள் சந்தில் டீ ஆற்றுகிறவருக்குக்கூடத் தெரிந்திருந்தது. அரசு என்ன செய்தது? 2019 செப்டம்பர் 20ஆம் தேதி நிறுவனங்களுக்கான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தது. அரசே சொன்ன வருவாய் இழப்பு, வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி. அந்த அறிவிப்பு மட்டும் ராத்திரி எட்டு மணிக்கு வரவில்லை. பகல் வெளிச்சத்தில், கோவாவில், முன்கூட்டியே கூட்டிய செய்தியாளர்கள் முன்னால் வந்தது.

அடுத்த எட்டு மணி, 2020 மார்ச் 24. நாலு மணி நேர அவகாசத்தில் நாடு முழுவதும் ஊரடங்கு. நஞ்சன்கூடு மருந்துத் தொழிற்சாலையில் தொற்று பரவி மைசூர் மாவட்டமே சிவப்பு மண்டலமாகப் போவதற்கு முன்பே, எங்களுக்கு மாநில அரசின் கட்டுப்பாடு வந்திருந்தது. மறுநாள் யுகாதி. வேப்பம்பூவையும் வெல்லத்தையும் சேர்த்துத் தின்று, வருஷத்தில் கசப்பும் இனிப்பும் கலந்தே வரும் என்று ஏற்றுக்கொள்கிற பண்டிகை. வெல்லம் எந்த ஊருக்குப் போனதென்று தெரியவில்லை. எங்கள் தெருவுக்கு வேம்பு மட்டும் வந்தது. பண்டிகைக்கென்று இறக்கிய பூ மூட்டையிலேயே கறுத்தது. மலைப்பாதைச் சோதனைச் சாவடியில் வண்டி நின்றது. தாளவாடிப் பெரியவர் செடியிலேயே பூவை விட்டுவிட்டார். பறிக்கிற கூலி மிச்சம் என்று.

கோயில் மூடினால் பூ இல்லை. கல்யாணத்துக்கு 50 பேர் என்றால் பூ இல்லை. ஆடி வெள்ளிக்குச் சாமுண்டி மலையில் பக்தருக்கு அனுமதி இல்லையென்றால் பூ இல்லை. நோய்க்கு அஞ்சிச் செய்ததை நான் குறை சொல்லவில்லை. என் சொந்தத்திலும் சாவு விழுந்தது. ஆனால் மே 4ஆம் தேதி கர்நாடகத்தில் சாராயக் கடையைத் திறந்தார்கள்; கோயில் திறந்தது ஜூன் 8. அரசுக்கு வருமானம் தருகிற கதவு எது, எங்களுக்குச் சோறு தருகிற கதவு எது என்பதற்கு இந்த இரண்டு தேதிகளே போதும். மே 5ஆம் தேதி ராத்திரி பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் கலால் வரியை மத்திய அரசு ஏற்றியது. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் தரையில் கிடந்த நேரம் அது. வண்டி ஓடவே இல்லாத ஊரில் வண்டி எண்ணெய்க்கு வரி. பிறகு வண்டி ஓடத் தொடங்கியபோது, பூ மூட்டைக்கு அந்த வரியையும் சேர்த்தே வாடகை கேட்டார் டிரைவர். அவரைக் கோபித்து என்ன செய்ய?

மூன்றாவது எட்டு மணி, மே 12. இருபது லட்சம் கோடி. நாட்டின் மொத்த உற்பத்தியில் பத்தில் ஒரு பங்கு என்றார் பிரதமர். அந்த ராத்திரி எங்கள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம். நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ஐந்து நாள் தொடர்ந்து வந்து பட்டியல் வாசித்தார். மதுரையில் பிறந்தவர், நம் மொழி தெரிந்தவர், நம் வலி ஒரு வரியாவது இருக்கும் என்று நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன். மொத்தம் 20,97,053 கோடி. அதில் 8,01,603 கோடி ரிசர்வ் வங்கி முன்பே எடுத்த நடவடிக்கைகள். மிச்சத்திலும் பெரும்பகுதி கடன், கடனுக்கு உத்தரவாதம். நிலக்கரியைத் தனியாருக்குத் திறக்கிற சீர்திருத்தம், பாதுகாப்புத் துறையில் அந்நிய முதலீட்டை 74 சதவீதமாக்குகிற சீர்திருத்தம், விளைபொருள் சந்தைச் சீர்திருத்தம். பசித்தவன் வீட்டு வாசலில் நின்று, உங்கள் தெருவில் ரயில் பாதை போடப்போகிறோம் என்று சொல்கிற மாதிரியான அறிவிப்புகள்.

சரி, இதில் எனக்கு என்ன என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். சிறு தொழில்களுக்கு அடமானம் கேட்காத மூன்று லட்சம் கோடிக் கடன் என்றார்கள். போய்க் கேட்டேன். பிப்ரவரி 29ஆம் தேதி நிலவரப்படி உங்கள் தொழில்கடன் பாக்கி எவ்வளவு, அதில் 20 சதவீதம் தருவோம் என்றார்கள். எனக்குத் தொழில்கடனே கிடையாது. அப்பா கற்றுக்கொடுத்த ஒழுங்கு: வட்டிக்கு வாங்கிப் பூ விற்காதே. கடன் வாங்காமல் கடை நடத்தியவனுக்குக் கடன் இல்லை என்று மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர் வருத்தத்தோடுதான் சொன்னார். அவரும் என்ன செய்வார்? ஜூன் 1ஆம் தேதி தெருவோர வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய்க் கடன் திட்டம் வந்தது. எனக்குக் கூரையும் கதவும் இருக்கிறது, ஆகவே நான் தெருவோரம் இல்லை. ஜன்தன் கணக்குள்ள பெண்களுக்கு மாதம் 500 ரூபாய், மூன்று மாதம். என் மனைவியின் கணக்கு அந்த வகையில் இல்லை. தலைக்கு ஐந்து கிலோ இலவசத் தானியம். எங்கள் அட்டை வறுமைக்கோட்டுக்கு மேலே. கோட்டுக்கு மேலே எவ்வளவு தூரத்தில் என்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

மாநிலத்தில் எடியூரப்பா அரசு மே 6ஆம் தேதி 1,610 கோடி அறிவித்தது. பூ விவசாயிக்கு ஹெக்டேருக்கு 25,000. நல்லது. முடிதிருத்துவோருக்கும் சலவைத் தொழிலாளருக்கும் 5,000. நல்லது. ஆட்டோ, டாக்ஸி ஓட்டுநருக்கு 5,000. நல்லதுதான், அவர்களும் என் மாதிரி ஆட்கள்தான். பூவைப் பயிரிடுகிறவர் அதில் இருக்கிறார். அதைக் கட்டுகிற பெண் எங்கே? விற்கிற நான் எங்கே? செடியிலிருந்து சாமி படம் வரை பூ தானே நடந்து போகிறது என்று நினைத்தார்களோ என்னவோ.

வேறு சிலருக்கும் அந்த வருஷம் சலுகை கிடைத்தது. கடன் கட்ட முடியாத நிறுவனங்கள்மீது திவால் நடவடிக்கை புதிதாகத் தொடங்கக் கூடாது என்று அவசரச் சட்டம் போட்டார்கள்; 2020 மார்ச் 25 தொடங்கி ஒரு வருஷம் அது நீடித்தது. பூக்கட்டுகிற பெண்கள் வாரத் தவணையில் குழுக்கடன் வாங்கியிருந்தார்கள். தவணைச் சலுகை அவர்களுக்கும் உண்டு என்று காகிதத்தில் இருந்தது. வாசலில் வந்து உட்கார்ந்த ஆள் அந்தக் காகிதத்தைப் படித்திருக்கவில்லை. தவணை தள்ளிப்போனவர்களுக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. வட்டிக்கு வட்டி போடக் கூடாது என்று சொல்ல உச்ச நீதிமன்றத்துக்கு 2021 மார்ச் 23 வரை ஆனது. அதற்குள் என் மனைவியின் சங்கிலி அடகுக்குப் போய், மீட்க முடியாமல் போயும்விட்டது.

2020 ஆகஸ்ட் 31ஆம் தேதி ஒரு கணக்கு வந்தது: ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் உற்பத்தி முந்தைய வருஷத்தைவிட 23.9 சதவீதம் சுருங்கிவிட்டது. காலாண்டுக் கணக்கு வெளியிடத் தொடங்கிய நாளிலிருந்து இப்படியொரு வீழ்ச்சி இல்லை. அதற்கு நாலு நாள் முன்னால் நிதியமைச்சர் இதைக் கடவுளின் செயல் என்றார். அம்மா, கடவுளுக்குப் பூ விற்கிறவன் நான். நோய் கடவுள் செயலாகவே இருக்கட்டும். நாலு மணி நேர அவகாசமும் கடவுள் செயலா? டீசலுக்குப் பதின்மூன்று ரூபாயும் அவர் கையெழுத்தா?

அந்த 23.9இல் நான் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. காலாண்டு வீழ்ச்சியைக் கணக்கிடும்போது, பதிவு பெற்ற பெரிய நிறுவனங்களின் கணக்கை வைத்தே எங்களைப் போன்ற அமைப்புசாராதவர்கள் பாட்டையும் உத்தேசமாகப் போட்டுக்கொள்கிறார்களாம். அவர்கள் எவ்வளவு விழுந்தார்களோ அவ்வளவே நாங்களும் விழுந்திருப்போம் என்று. என் கடை ஒரு பைசா பார்க்காத மாதங்கள் அவை. சின்னக் கடை, சின்னப் பட்டறைகளை வீடுவீடாகப் போய் எண்ணுகிற கணக்கெடுப்பு 2015-16இல் ஒருமுறை நடந்தது. அடுத்தது நடந்தது 2021-22இல். நோட்டு செல்லாமல் போனது, ஜிஎஸ்டி வந்தது, ஊரடங்கு போட்டது, எல்லாமே இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வருஷங்களில்! முதல் கணக்கில் இந்தச் சின்ன நிறுவனங்களில் வேலை பார்த்தவர்கள் 11.13 கோடி, அடுத்ததில் 9.79 கோடி. வித்தியாசம் ஒரு கோடியே முப்பது லட்சத்துக்கு மேல். முடிவை வெளியிட்டது 2024இல். இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது என்று வாதிடுகிற அறிஞர்கள் உண்டு. வாதிடட்டும். எங்கள் சந்தில் இழுத்துப் பூட்டிய ஷட்டர்களை ஒப்பிட எனக்குப் புள்ளியியல் வேண்டாம்: தையல்கடை, வளையல்கடை, அப்பளக்கடை, சைக்கிள் கடை.

முன்பு ஒரு பெருமந்தம் வந்தது, 1930களில். உலகமே விழுந்து கிடந்த அந்தப் பத்தாண்டில் இதே மைசூர் சமஸ்தானம் என்ன செய்தது? திவான் மிர்சா இஸ்மாயில் காலத்தில் 1933இல் மண்டியாவில் சர்க்கரை ஆலை. 1937இல் மைசூரில் அரக்கு, வண்ண ஆலை. பின்னாளில் எங்கள் விரலில் மை வைத்தது அந்த ஆலையின் மைதான். ராஜாக்கள் திரும்ப வரட்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் காலத்து வரியும் சவுக்கும் எப்படி என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் மந்தம் வந்தபோது வேலையை உண்டாக்க வேண்டும் என்ற எண்ணமாவது அரண்மனைக்கு இருந்தது. ஓட்டு வாங்கி வந்தவர்களுக்கு, இருக்கிறதை விற்கிற எண்ணம்தான் வருகிறது.

எங்கள் மொஹல்லாவின் நிலைமை இதற்கு மேல். 2012 ஆகஸ்டில் லான்ஸ்டவுன் கட்டடம் இடிந்து நாலு உயிர் போனது. 2016 ஆகஸ்ட் 28இல், பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோதே தேவராஜ மார்க்கெட்டின் ஒரு பகுதி சரிந்தது. இடித்துக் கட்டுவதா, காப்பாற்றுவதா என்று குழுக்கள், அறிக்கைகள், உயர் நீதிமன்றம். உள்ளே நூற்றுக்கணக்கான கடைக்காரர்கள், சுண்ணாம்புக் காரை உதிர்கிற கூரைக்குக் கீழே, நோட்டையும் வரியையும் நோயையும் சமாளித்தார்கள். பாரம்பரியம் என்று பேசுகிறவர்கள் தூண்களைப் பற்றிப் பேசினார்கள். வளர்ச்சி என்று பேசுகிறவர்கள் மாடிகளைப் பற்றிப் பேசினார்கள்.

2020 தசரா ஜம்பூ சவாரி அரண்மனை மதிலுக்குள்ளேயே முடிந்தது, 2021லும் அப்படியே. எங்கள் தெருவில் யானை வராத தசரா. வருஷ வியாபாரத்தில் பெரும்பங்கு அந்தப் பத்து நாளில்தான் எங்களுக்கு. 2021 ஏப்ரல் 27 முதல் மறுபடி அடைப்பு. ஆகஸ்டில், எல்லை மாவட்டம் என்று வாரக் கடைசி ஊரடங்கு. பூவுக்கு வெள்ளியும் சனியும் ஞாயிறும்தான் நாள் என்று யார் போய்ச் சொல்வது? அந்த முறை தெருவோர வியாபாரிக்கு 2,000 ரூபாய் அறிவித்தார்கள். அதிலும் நான் இல்லை. அதற்குள் கூரையும் கதவும் வெறும் பெயருக்குத்தான். கட்டடக்காரக் கிழவர் வாடகையைப் பாதியாக்கியதால் பிழைத்தேன். அவருக்கும் அந்த வாடகைதான் மருந்துச் செலவு. அரசு தள்ளுபடி செய்ய வேண்டியதை ஒரு கிழவர் செய்தார்.

2025 தொடக்கத்தில் சாமராஜநகர், நஞ்சன்கூடு பக்கம் குழுக்கடன்காரர்களுக்கு அஞ்சி வீட்டைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டுப் போன குடும்பங்கள் செய்தியாயின. பிப்ரவரியில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஊரடங்கில் எங்கள் பெண்களின் வாசலில் வந்து உட்கார்ந்த அதே குழுக்கடன்தான். சட்டம் வருவதற்குள் பூட்டு துருப்பிடித்திருக்கும்.

பிறகு அதே வருஷம் ஜூலை. காசைக் கையால் தொடாதீர்கள், போனில் வாங்குங்கள் என்று 2016 முதல் சொல்லிக்கொண்டே வந்தார்கள். கேட்டோம். படித்த பிள்ளைகள் வந்து கியூஆர் அட்டையை ஒட்டிக் கொடுத்தார்கள். ஒரு மாரு மல்லிகைக்கும் ஸ்கேன். கடைசியில், போனில் வந்த தொகையைக் கூட்டிப் பார்த்து, பதிவு செய்யாமல் வியாபாரம் செய்தீர்கள் என்று கர்நாடக வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் காய்கறிக் கடைக்காரர் ஒருவருக்கு 29 லட்சம் ரூபாய் கேட்டு வந்தது. காய்கறிக்கு வரியே கிடையாது! பெங்களூரில் கடைக்காரர்கள் அட்டையைக் கிழித்துவிட்டுப் பணம் மட்டும் என்று எழுதி வைத்தார்கள். முதலமைச்சர் சித்தராமையா கூட்டம் போட்டு, பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம், பதிவு செய்துகொள்ளுங்கள் என்ற பிறகு கொஞ்சம் அடங்கியது. மத்தியில் ஒரு கட்சி, மாநிலத்தில் ஒரு கட்சி. எங்கள் வாசலுக்கு வரும்போது எல்லாக் காகிதமும் ஒரே நிறம்.

நான் இன்னும் அட்டையைக் கிழிக்கவில்லை. போன் மணியடித்தால் மட்டும் மனைவி முகத்தைப் பார்க்கிறாள்.

எனக்கும் நோட்டீஸ் வரலாம். வரட்டும். என்னிடமும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. 2016 நவம்பரில் விற்காமல் போன மூட்டைகள், தாளவாடிக்காரருக்கு நான் பாக்கி வைத்த வாரங்கள், யுகாதிப் பூ, இரண்டு தசரா, அடகுக் கடை ரசீது, வட்டி, டீசல் ஏறியதில் கூடின வண்டி வாடகை, எல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். வரிக்கணக்குப் பார்க்க வருகிற அதிகாரி, அவர் பைலைப் பார்த்து முடித்ததும் இதையும் பார்க்க வேண்டும். ஸ்டூல் போடுகிறேன், காபி வரவழைக்கிறேன். ஒன்றை ஒன்றில் கழித்து, யார் யாருக்குத் தர வேண்டும் என்று எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.